கொடுமுடியில் கே.பி.எஸ்.: படப்பிடிப்பு நாட்குறிப்பு

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசைக் கூட்டம் வேண்டும் என்பதற்காகவே இன்றைக்குக் கொடுமுடியில் படப்பிடிப்பு வைத்தோம். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எந்த டிவி என்று கேட்டார்கள். பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாளைப் பற்றிய ஆவணப்படம் என்றோம். "ஔவையாருங்களா?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். ஒரு பெரியம்மா கையில் கோல் இருப்பது போல் பிடித்து நடந்தே காட்டினார்.

அவர் ஔவையாராக நடித்த ஜெமினியின் ஔவையார் படம் வந்தது 1953-ல். 1908-ல் இந்த ஊரில் பிறந்தவருக்கு அப்போது வயது 44. அதற்கு முன்பு அவருக்கு மேடை இருந்தது, காங்கிரஸ் இருந்தது, ஆண் வேடம் இருந்தது. அது யாருக்கும் நினைவில்லை. எனக்கு அதுதான் படம்.

ஜூலை 26, சனி

ஈரோட்டிலிருந்து பாசஞ்சரில் ஏறினோம். கேமராவுக்குத் தனி அனுமதி, தனிக் கட்டணம். அதனால் ஒலி மட்டும்.

வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி சுந்தராம்பாள். ரயில்வே அதிகாரியும் நாடகக்காரருமான எஃப்.ஜி.நடேசய்யர் கண்ணில் பட்டுத்தான் மேடைக்கு வந்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அதை வர்ணனையில் சொன்னால் போதாது, அந்தப் பெட்டியின் சத்தம் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஊஞ்சலூர் தாண்டியதும் கூடையோடு ஒரு கொய்யாக்கார அக்கா ஏறினார். ஒலிப்பதிவுத் தம்பி மீட்டரைக் காட்டினான். சக்கரச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் தனியாக ஏறி நின்றது. கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, "மெதுவாச் சொன்னா கடேசி சீட்டுக்காரங்களுக்கு எப்படிங் கேக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். மைக் இல்லாத நாடகக் கொட்டகைகளில் தரை டிக்கெட் வரைக்கும் கேட்கிற மாதிரி பாடியவரைப் பற்றி எந்த நிபுணரைப் பேச வைத்தாலும் இவ்வளவு தெளிவாக வராது. அப்படியே வைத்துக்கொள்கிறோம்.

ஜூலை 28, திங்கள்

ஈரோட்டில் இசைத்தட்டு சேர்க்கும் ஒருவர் வீட்டில் முழு நாளும் போனது. காபித்தண்ணி குடிக்காமல் பெட்டியைத் திறக்க விடவில்லை.

சுந்தராம்பாள் பாடிய பழைய அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். பக்கம் மாற்றும்போது வீட்டுக்காரர் ஊசியையும் மாற்றுகிறார். கிராமபோன் சாவி தளர்ந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் சுருதி இறங்கும். அதனால் பாட்டு ஓடும்போதே கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் ரசிகர்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீண்ட பாட்டு, இங்கே மூன்று நிமிடத்துக்குள் மடிக்கப்பட்டிருக்கிறது. ஆலாபனைக்கு இடமே இல்லை. எடுத்த எடுப்பிலேயே சுந்தராம்பாள் மேல் ஸ்தாயிக்குப் போய்விடுகிறார். அந்த வேகத்தில் ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை.

அடுத்தது நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா தட்டு. சுந்தராம்பாளோடு 1927-ல் கல்யாணம், 1933 டிசம்பரில் கிட்டப்பா மரணம். அவருக்கு 27 வயது, இவருக்கு 25. அதன் பிறகு வெள்ளைச் சேலை, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவு. திரைக்கதை எழுதும் நண்பர் இந்தக் காதலுக்குப் பெரிய இடம் கேட்கிறார், கூடவே வயலின். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச் சேலையோடு கதையை முடிப்பது நமக்குச் சௌகரியம். அவர் அங்கே முடித்துக்கொள்ளவில்லையே.

1935-ல் நந்தனார். நந்தன் வேடம் இவருக்கு, வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். மதுரை மீனாட்சி கோயில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல். அதற்கு நான்கு வருடம் முன்பே, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவராக, அதுவும் ஓர் ஆணாக, ஒரு பெண் திரையில் வந்து நிற்கிறார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இவ்வளவு கேட்டால் ஆளை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்! இந்தப் பேரத்துக்கு வயலின் தேவைப்படாது.

ஜூலை 30, புதன்

ஆடிக்காற்று. மைக்குக்கு இரண்டு உறை போட்டும் ஆற்றங்கரையில் ஒன்றும் தேறவில்லை. சீக்கிரம் மூட்டை கட்டினோம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தங்கத்தட்டுக் கதை நாள். காந்தி கொடுமுடிக்கு வந்து இவர் வீட்டில் சாப்பிட்டாராம். தங்கத்தட்டில் பரிமாறினார்களாம். சாப்பிட்டு எழுந்தவர், "சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா?" என்று கேட்டு, அதையும் வாங்கி ஏலம் விட்டு நிதியில் சேர்த்தாராம். இன்றைக்குப் பேசிய அத்தனை பேரும் இதைச் சொன்னார்கள். ஆளுக்கு ஆள் தட்டின் எடை ஏறிக்கொண்டே போனது. எல்லா வடிவங்களையும் அடுத்தடுத்து ஒட்டிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் தட்டைவிடப் பெரிய விஷயம் குரல். நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் பக்கம் கொண்டுவந்ததில் அக்கட்சித் தலைவர் சத்தியமூர்த்திக்கு முக்கியப் பங்கு உண்டு. அவரே நாடகத்தில் நடித்தவர். 1937 தேர்தலில் சுந்தராம்பாள் ஊர் ஊராகப் போய்க் காங்கிரசுக்காகப் பாடினார். தலைவர்கள் பேச்சைக் கேட்க வந்ததைவிட இவர் பாட்டைக் கேட்க வந்த கூட்டம்தான் பல ஊர்களில் அதிகமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நாடகத்தில் நடிக்கிற பெண்ணைக் குடும்பப் பெண்ணாக மதிக்காத காலம் அது. அப்படிப்பட்ட ஒருவர் மேடையேறி ஓட்டுக் கேட்கிறார். 1950-களில் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினராகவும் ஆனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனவர்கள் பட்டியலை நாம் இன்றைக்கு மூச்சு விடாமல் ஒப்பிப்போம். அதில் ஆரம்பத்தில் வர வேண்டிய பெயர் இது. எத்தனை பேர் சொல்கிறார்கள்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கோவை, எடிட்டிங். கடைசிப் பகுதியை இன்றைக்கு அடுக்கினோம். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் வாங்கியவர் பி.சுசீலா. அடுத்த ஆண்டே, 1969-ன் துணைவன் படத்துக்காக இவர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1970-ல் பத்மஸ்ரீ. இதற்கெல்லாம் வர்ணனை வேண்டாம், பாட்டே போதும். பட உரிமைதான் கையைக் கடிக்கும் போலிருக்கிறது.

சாயங்காலம், பாதிச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கும் ஈரோட்டுக்காரர் வந்து பார்த்தார். விசைத்தறி வைத்திருக்கிறார், தங்கமான மனிதர். பார்த்து முடித்துவிட்டு, "நல்லாருக்குதுங். அரசியல் மட்டும் எதுக்குங்? பக்தியோட நிறுத்திக்கலாமுங்களே" என்றார்.

"அதை எடுத்தா அந்தம்மா வாழ்க்கையில இருபது வருசம் போயிருமுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி வந்தது. அப்புறம், தன் பெயரைப் படத்தில் போட வேண்டாம், பணத்தைத் திருப்பியும் தர வேண்டாம், ஆனால் மீதித் தொகைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வியாழக்கிழமை கரூரில் ஒருவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மேலவைக் காட்சிகளை வெட்டாமல் அப்படியே எடுத்துப் போகிறேன்.