வாய் திறக்காத கே

போன கிழமை கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து, தரம் 6 படிக்கிற மருமகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் கொடுத்தேன். முழங்காலுக்கு என்ன என்று கேட்டால் 'நீ' என்றாள். சரி, எழுது என்றால் கொப்பியில் என், டபுள் ஈ. "முன்னால கே வரும் மகள்" என்றதும், "சொல்லாத எழுத்த ஏன் மாமா எழுதணும்?" என்று கேட்டாளே, நியாயமான கேள்விதான்.

அந்தக் கே சும்மா வந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் அதை உச்சரித்தார்கள், 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அது வாயிலிருந்து விழுந்து எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன்காரர் இன்றைக்கும் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் ஒன்று, இப்படி ஊமைக் கேயில் தொடங்குகிற கூட்டத்தில் பல சொற்கள் புடைத்து நிற்கிற சாமான்கள்: நக்கிள் விரல் மொளி, நொப் கதவுக் குமிழ், நொட் முடிச்சு. கத்திக்கான நைஃப், தட்டுவதற்கான நொக் எல்லாம் வேறு ரகம். நொட்டில் கேயை விட்டால் 'இல்லை' என்றாகிவிடும், 'தெரியும்' என்ற நோவில் விட்டால் எழுத்தில் 'இப்போது' என்றாகிவிடும், அதனால் அந்த ஊமைக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முற்றத்தில் அத்தான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் போட்ட முடிச்சொன்றைக் காட்டினேன். அதைத் தடவி, பிறகு தன் விரல் மொளியையும் தடவிப் பார்த்தவள், "ரெண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு மாமா" என்றாள்.