குளிரில் விறைத்த சல்கட்டா ஆமையைத் தேற்றிய விதம்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியற்காலையில் 14, 15 டிகிரி சாதாரணம். பென்னாகரத்தில் போதுமான கூண்டு இங்கே போதாது. சல்கட்டா சகாராவின் தென்விளிம்பைச் சேர்ந்த ஆமை. குளிர்கால உறக்கம் அதற்குக் கிடையாது. அசையாமல் கிடந்தால் தூங்குகிறது என்று விட்டுவிடக் கூடாது.

இரவில் கரன்ட் போய் ஹீட்டர் அணைந்த கூண்டில் காலையில் பார்த்தபோது ஓட்டின் வெப்பம் 16 டிகிரி. கண் மூடியிருந்தது. காலைத் தொட்டால் மெதுவாகத்தான் உள்ளே இழுத்தது.

முதல் வேலை சூடேற்றுவது, ஆனால் அவசரப்படாமல். மீன் வரும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவி, காற்றுக்குத் துளை போட்டு, உலர்ந்த துண்டு விரித்து அதில் வைத்தோம். பெட்டியைச் சுற்றியுள்ள அறையை ஹீட்டரால் 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, பிறகு மணிக்கு 2 டிகிரி வீதம் 29 வரை ஏற்றினோம். வெந்நீர்ப் பை, ஹேர் டிரையர், உச்சி வெயில் எதுவும் கூடாது. குளிர்ந்த உடலில் ரத்த ஓட்டம் மந்தம். தோலில் படும் சூட்டை உள்ளே கொண்டுபோக ஆள் இல்லை. ஓடு வெந்துபோகும், உள்ளே இன்னும் சில்லென்றுதான் இருக்கும்.

தலையைத் தானாகத் தூக்கி வைத்துக்கொள்ளும் நிலை வந்த பிறகே குளியல். அதற்கு முன் தண்ணீரில் விட்டால் மூழ்கி மூச்சடைக்கும். 30 முதல் 32 டிகிரி வெந்நீர், தாடைக்குக் கீழே நிற்கும் ஆழம், 20 நிமிடம். ஆறினால் மாற்ற வேண்டும். பிறகு கால் இடுக்கு வரை ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். சிறுநீரோடு வரும் வெள்ளைக் கழிவு தயிர்போல் குழைந்திருந்தால் நல்லது. மணல்போல் நெறுநெறுத்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது, குளியலைத் தினமும் தொடர வேண்டும்.

தீனிக்கு அவசரமே இல்லை. குடல் சூடாகாமல் செரிமானம் நடக்காது, உள்ளே போன புல் புளித்து வயிறு உப்பும். நடமாடத் தொடங்கிய பிறகு, முள்ளைச் சுட்டெடுத்த சப்பாத்திக்கள்ளித் துண்டு கொஞ்சம், அப்புறம் மல்பெரி இலை. இந்தப் பகுதியில் பட்டுப்புழு வளர்ப்பவர்களிடம் இலை தாராளமாகக் கிடைக்கும். மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டே வாங்குங்கள். பழம் வேண்டாம். வழக்கமான அருகம்புல், காய்ந்த புல்லுக்கு மெல்லத் திரும்பலாம்.

உண்மையான ஆபத்து அடுத்த இரண்டு வாரத்தில்தான். ஆமைக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. அது நுரையீரலிலேயே தேங்கும். அதனால் பகலும் இரவும் 28 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். இரவில் வெளிச்சம் வேண்டாம், செராமிக் ஹீட்டர் மட்டும். பகலில் யூவிபி (புற ஊதாக் கதிர் தரும்) விளக்கு. சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் எடை பாருங்கள்.

மூக்கில் குமிழி, கழுத்தை நீட்டி வாய் திறந்து மூச்சு விடுவது, விசில் போன்ற ஓசை: இதில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். நாமக்கல் கால்நடைக் கல்லூரியோ பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கல்லூரியோ, ஊர்வன பார்ப்பவர் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொண்டு, ஆமையைக் கதகதப்பான பெட்டியில் வைத்தே கொண்டுபோங்கள். ஆடு மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள். ஆமைக்கு அது உடலை முடக்கிக் கொல்லும் விஷம்.

சல்கட்டாவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். நம் காட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். கையில் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

கூண்டைப் பொறுத்தவரை, சூட்டை உறிஞ்சுவது சிமென்ட் தரை. மேலே தெர்மோகோல், அதன்மேல் பிளைவுட், அதற்கும் மேல் ஒரு சாண் வைக்கோல் போட்டோம். தெர்மாமீட்டரின் முனை சுவரில் இல்லாமல் ஆமையின் ஓட்டு உயரத்தில் இருக்க வேண்டும். செராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர்தான், பிளாஸ்டிக் உருகிவிடும். சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டவே கூடாது. 100 வாட் ஹீட்டர் ஒன்று மட்டும் என்றால், நல்ல நிலையிலுள்ள 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி இரவைத் தாண்டிவிடும். அந்த இணைப்பில் வேறு எதையும் சேர்க்காதீர்கள்.