குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளும் வாசிக்கட்டும்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்று. பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம், வேதாகமத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். எவ்வளவு நேரமானாலும் அவர்கள் முறையை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. 1715-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததே ஜனங்கள் தாங்களே வாசிக்கத்தானே!

நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தில் தலைவன் இல்லாமலே உழைக்கும் எறும்பு வரும். மறுநாள் காலை வாசல்படியில் எறும்பு வரிசையைப் பார்த்து பிள்ளைகள் இருவரும் கேட்கும் கேள்விகளுக்கு அளவே இல்லை. எறும்புக்குத் தலைவன் இல்லை என்றால் யார் வேலை சொல்வது? அப்புறம் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அதே பேச்சு. வழியில் நடக்கிறபோதும் பிள்ளைகளோடு பேசு என்றுதானே வேதாகமத்தில் உபாகமம் 6:7 சொல்கிறது. எல்லாவற்றையும் ஞாயிறு பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வசனம் ஒப்பிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது என்று மிரட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஒரு வசனம், சின்ன ஜெபம் போதும். மீதியை நாளைக்கு வாசிக்கலாம்.