கத்திரிப்பூ நிற ஒயர்

ஆகஸ்ட் 22, வியாழன்

ஹெரால்டு காருக்குப் புது ஒயர்ப் பெட்டி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கூடத்தில் பாயை விரித்து அதன்மேல் பிரித்தேன். மூன்று கட்டு. எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் சேர்ந்த பெரியது, டிக்கி வரை ஓடுகிற நீளமானது, பானெட்டுக்குள் ஹெட்லைட்டுக்குப் போகிற சின்னது. பழைய மாதிரியே மேலே பருத்தி நூல் பின்னல், உள்ளே பிவிசி. ஒவ்வொரு முனையிலும் பித்தளை புல்லட், அதாவது இணைப்புக்கான குண்டு முனை, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. இவள் காப்பி கொண்டுவந்தவள் பாயைத் தாண்டாமல் சுற்றிப் போனாள்.

பழையதை இன்னும் கழற்றவில்லை. 2015 டிசம்பரில் தண்ணீர் ஸ்டீயரிங் வரை நின்றது. வற்றியபின் காயவைத்தோம், ஸ்டார்ட் ஆனது, எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் நூல் பின்னல் என்பது திரி. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது. போன மாதம் ஒரு ஒயரை உரித்துப் பார்த்தேன். முனையிலிருந்து ஒரு முழம் தள்ளியும் செம்பு கரியாக இருந்தது. சுரண்டினாலும் பளபளப்பு வரவில்லை. அப்படிப்பட்ட கம்பியில் ஈயம் ஒட்டவே ஒட்டாது.

கண் புரை ஆபரேஷனுக்கு இன்னும் தேதி சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வண்டி ஒயர் வேலை பார்க்கிற பாய் காலை எட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்ததும், "சார், இந்தக் காசுக்கு ஜி.பி. ரோட்டுல ஒயர் வாங்கி நானே கட்டிக் கொடுத்திருப்பேனே" என்றார். கட்டியிருப்பார், நன்றாகவும் கட்டியிருப்பார். ஆனால் சிவப்பு, கருப்பு, மஞ்சள் என்று மூன்றே நிறத்தில் கட்டியிருப்பார். பத்து வருஷம் கழித்து எந்தச் சிவப்பு எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது.

ஹெரால்டில் வேலை செய்ய ஒரு சுகம் உண்டு. முன்பக்கம் முழுக்க, மட்கார்டோடு சேர்த்து, முன்னால் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைத் தொடலாம். இன்று ஐந்து மணி நேரம் டயரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அந்த இடம் கிடைத்தது. ஃபயர்வாலில், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில், ஒயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் தூளாகிப் போயிருந்தது. பழுப்பு ஒயர் தகட்டு விளிம்பில் உரசி உரசி, அரை அங்குலத்துக்குக் கம்பி வெறுமையாக நின்றது. பேட்டரியிலிருந்து நேரே வருகிற ஒயர் அது. நடுவில் ஒரு ப்யூஸ் கிடையாது, சாவியை அணைத்தாலும் அதில் கரண்ட் நிற்காது. பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினால்தான் நிற்கும்.

அன்று கிண்டி சிக்னலில் ஷார்ட் ஆனபோது நான் டெர்மினலைப் பிடுங்கியது பிடுங்கியதுதான். பின்சீட்டில் பேத்திக் குழந்தை இருந்தாள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நீலமும் கத்திரிப்பூவும் ஒன்றாகத் தெரிகிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

நான்கு நாளாக இதே நினைப்பு, எழுதினாலாவது குறையட்டும்.

இந்த வண்டிகளில் நிறம்தான் மொழி. பழுப்பு என்றால் பேட்டரி. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு ப்யூஸ் தாண்டி வருவது: பிரேக் லைட், மீட்டர்கள். கத்திரிப்பூ, சாவி இல்லாமலே ப்யூஸ் வழியாக வருவது: ஹாரன். சிவப்பு, சின்ன விளக்கும் பின் விளக்கும். நீலம், ஹெட்லைட். கருப்பு, எர்த். இதன்மேல் மெல்லிய கோடு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பச்சையில் சிவப்பு இடது இன்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது. ஒருமுறை மனப்பாடம் ஆகிவிட்டால் படமே வேண்டாம். அப்பாவுக்கு அப்படித்தான். ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வாயில் ஒரு புல்லட்டைக் கடித்துக்கொண்டு, "பச்சையில பழுப்புடா, எடு" என்பார். எடுப்பேன்.

இப்போது எனக்கு வெள்ளைக் கோடு மஞ்சளாகத் தெரிகிறது. நீலம் கருப்புப் பக்கம் போகிறது. கத்திரிப்பூவும் அங்கேயே போகிறது. புரை விழுந்த லென்ஸ் பழுத்துப்போன கண்ணாடி மாதிரி, நீல வெளிச்சத்தைத்தான் முதலில் தடுக்கும் என்று டாக்டர் சொன்னார். வலது கண் மோசம். இடதை மட்டும் திறந்து வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. வண்டிக்கு அடியில் வெயில் ஏது?

பாயிடம் கொடுத்துவிடலாம் என்கிறாள் இவள். கொடுக்கலாம். இந்த ஒன்றை நானே செய்ய வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மகளும் குழந்தையும் வந்தார்கள். கொழுக்கட்டை முடிந்ததும் குழந்தையைப் பாயில் உட்காரவைத்து ஒவ்வொரு முனையையும் கையில் கொடுத்தேன். அவள் நிறம் சொல்ல, மகள் வெள்ளைத் துணி நாடாவில் எழுதிக் கட்டினாள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், காப்பிக்கொட்டை. கத்திரிப்பூ என்று நான் சொன்னதற்கு, "இல்ல தாத்தா, நாவப்பழம்" என்றாள். சரி, நாவல்பழம். நாற்பத்தொரு முனை எழுதினோம். அப்படியே பாயில் தூங்கிவிட்டாள், கையில் இன்டிகேட்டர் ஒயரோடு.

செப்டம்பர் 12, வியாழன்

20-ஆம் தேதி. வலது கண்.

அதற்குள் முடிக்க வேண்டும். அப்புறம் குனியக் கூடாது, தூசி கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

பின்பக்க ஹார்னஸ், டிக்கி வரை போகிற அந்த ஒயர்க் கட்டு, ஒரு சாண் குறைகிறது. இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவு. மெட்ராஸில் 1960-களின் கடைசியில் வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3-க்கு நான்கு கதவு, அது இந்தியாவில் மட்டும்தான். எஞ்சின் அதே 948 சிசி. கதவு நான்கு என்றதும் ஒயர் போகிற வழி மாறிவிட்டது. பின் கதவுக்கு விளக்கு ஸ்விட்ச் ஒயரும் இதில் இல்லை. அளவு கேட்டபோது நான் கதவு எண்ணிக்கையை எழுதியிருந்தேன், பெட்டியை அனுப்பியவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. வருத்தமாக இருந்தது. பாய் புதுப்பேட்டையிலிருந்து அதே தடிமனில் ஒயர் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்த இடம் சீட்டுக்கு அடியில், உலர்ந்த இடத்தில் வருமாறு பார்த்துக்கொண்டோம்.

புதிதாக ஒரு ப்யூஸ் பாக்ஸும் வைத்தோம். ஹெட்லைட்டுக்குத் தனி ப்யூஸ், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒன்று போனாலும் ராத்திரி ரோட்டில் முழுக் குருடாக நிற்கக் கூடாது.

செப்டம்பர் 19, வியாழன்

இரவு 11. ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே நான்கு இணைப்பு பாக்கி இருந்தது. தண்டிலிருந்து வருகிற பழைய ஒயர்களுக்கு நாடா கட்டவில்லை. டியூப்லைட்டில் பார்த்து நானே போட்டுவிட்டேன். சரியாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 20, வெள்ளி

முடிந்தது. வலி இல்லை.

செப்டம்பர் 21, சனி

கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவர் அவ்வளவு வெள்ளை. நர்ஸம்மாவின் உடுப்பில் நீலம் இருந்தது, அது நீலம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழைய பேப்பர். மாறி மாறி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் கையைப் பிடித்து, "போதுங்க, கண்ண விடுங்க" என்றாள். இவள் புடவை பச்சை என்று நினைத்திருந்தேன். மயில்கழுத்து.

செப்டம்பர் 24, செவ்வாய்

சொட்டு மருந்து நாளைக்கு ஆறு வேளை. வண்டி ஷெட்டில் தார்பாய்க்கு அடியில். ஐந்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 25, புதன்

அந்த நான்கு இணைப்பு.

செப்டம்பர் 29, ஞாயிறு

குனியவில்லை. பாய் டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். நான் தரையில் முக்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, டார்ச்சை மட்டும் நீட்டிப் பார்த்தேன். ஒரு நொடி போதுமாக இருந்தது.

ஹாரன் ஒயர், கத்திரிப்பூவில் கருப்புக் கோடு, ஹை பீமின் நீலத்தோடு ஒரே உறைக்குள் உட்கார்ந்திருந்தது. ஹை பீம் வர வேண்டிய இடத்தில் ஹாரன் பொத்தானின் ஒயர். பேட்டரியை மாட்டிய நொடியிலேயே ஹாரன் வழியாக ஹெட்லைட் இழைக்குக் கரண்ட் போயிருக்கும். சாவிகூட வேண்டாம். ப்யூஸ் காப்பாற்றியிருக்கும் என்கிறார் பாய். இருக்கலாம். எனக்குக் கை நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆனது.

பிடுங்கி மாற்றினார். கத்திரிப்பூ கத்திரிப்பூவோடு, நீலம் நீலத்தோடு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அதைப் போய் எப்படி ஒன்றாகப் பார்த்தேன்?

அக்டோபர் 5, சனி

இன்று கரண்ட்.

பாய் நேராக மாட்டவில்லை. பேட்டரியின் எர்த் முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு பல்பைக் கோத்தார். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க பல்பு எரிந்தால் எங்கோ ஷார்ட். மூன்று பேரும் பல்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். எரியவில்லை. டிரைவர் கதவைத் திறந்தேன், உள் விளக்கும் அந்தப் பல்பும் சேர்ந்து மங்கலாக எரிந்தன. மூடினேன், இரண்டும் அணைந்தன. இவள் கைதட்டிவிட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

பெட்ரோல் முள் சாவி போட்டதும் ஃபுல்லைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொள்கிறது. டேங்கில் நான்கு லிட்டர்தான். மீட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் நேராகப் போகக் கூடாது, பின்னால் உள்ள சின்ன ஸ்டெபிலைசர் அதைப் பத்தாகக் குறைத்துக் கொடுக்கும். அந்தப் பெட்டியின் உடம்பே அதற்கு எர்த். நான் ஆசையாக அடித்த பெயின்ட் எர்த்தை மறைத்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் முள் கீழே வந்து நின்றது.

பின் விளக்கிலும் இதே கதை. பிரேக்கை மிதித்தால் வலது இன்டிகேட்டர் மங்கியது. அங்கேயும் பெயின்ட்.

செல்ஃப் முதல் இழுப்பில் எடுத்தது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்ததும் சிவப்பு விளக்கு அணைந்தது. டைனமோ சார்ஜ் தருகிறது.

அக்டோபர் 9, புதன்

கார் ஓட்டலாம் என்றார் டாக்டர். பகலில். இடது கண் ஜனவரியில்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், பானெட்டில் சாமந்தி மாலை. டெஸ்ட் லேம்ப், ஈயக்கோல், கிரிம்பிங் பிளையர் எல்லாவற்றையும் அப்பாவின் மரப்பெட்டியோடு சேர்த்து வைத்துப் படைத்தோம். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். தெருமுனை வரை போய் வந்தேன். குழந்தை பின்சீட்டில் வந்தாள். மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

செய்தியில் கனமழை எச்சரிக்கை. மாலையிலிருந்து தெருவே பரபரப்பாக இருக்கிறது. எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போகிறார்கள். 2015-ஐ யாரும் மறக்கவில்லை.

பகலில் என்றுதான் டாக்டர் சொன்னார். ஏழரை மணிக்குத் தார்பாயை எடுத்தேன். இவள் ஒன்றும் சொல்லாமல் குடையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மழை ஆரம்பித்துவிட்டது. வைப்பர், ஹெட்லைட், இன்டிகேட்டர், ஹாரன் எல்லாம் ஒரே நேரத்தில். டிம்மில் ரோடு, ஹை பீமில் மரம் வரை. வலது கண்ணில் வெளிச்சம் வெள்ளையாக, இடது கண்ணில் மஞ்சளாக. முன்னால் போன கார்களின் சிவப்பு விளக்கு பாலம் முழுக்க வரிசையாக ஏறியது. ஓரமாக இடம் கிடைத்தது. அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து ஃபயர்வாலில் புது ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை 6. தெருவில் கணுக்கால் தண்ணீர். குடை பிடித்துப் பாலத்துக்கு நடந்து போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன், பேட்டரி 12.6 வோல்ட். இன்னும் பெய்கிறது.