அளந்து வைத்த தண்ணீர்

அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த மூன்று ஆண்டுகளில், தத்துவம் என்ற சொல்லை நான் வீட்டில் உச்சரித்ததே இல்லை. ஆனாலும் அந்த நாட்களைக் கடக்க எனக்குத் துணையாக இருந்தது, ரோமப் பேரரசில் அடிமையாகப் பிறந்து பின்னர் ஆசிரியராக வாழ்ந்த எபிக்டெட்டஸ் கற்பித்த ஒரு பாகுபாடுதான். நம் எண்ணமும் விருப்பு வெறுப்பும் நம் வசத்தில் உள்ளவை. உடல், உடைமை, பேர், பதவி ஆகியவை நம் வசத்தில் இல்லாதவை என்று அவர் பிரித்தார்.

நான் அதைச் சமையலறைக்குக் கொண்டுவந்தேன். குழம்பில் உப்பைக் குறைப்பதும், மருத்துவர் சொன்ன அளவுக்குத் தண்ணீரை ஒரு எவர்சில்வர் செம்பில் காலையிலேயே அளந்து வைப்பதும், அம்மா தாகத்தில் சினந்து பேசும்போது பதில் பேசாமல் இருப்பதும் என் வேலை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு அடுத்த ரத்தப் பரிசோதனையில் எத்தனை என்று வரும் என்பது என் வேலை அன்று. இவ்வாறு பிரித்துக்கொண்ட பிறகு இரவில் தூக்கம் வந்தது. தத்துவத்தால் சோறு வேகுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: வேகாது, ஆனால் அடுப்பருகில் நிற்பவரின் கை நடுங்காமல் இருக்க அது உதவும்.

அம்மா இறந்த மூன்றாம் நாள், துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சாதலும் புதுவது அன்றே' என்றார். கணியன் பூங்குன்றனாரின் அந்த வரியை நானே பலருடைய வீட்டு வாசலில் அமர்ந்து சொல்லியிருக்கிறேன். அன்று அது உண்மையாகவே இருந்தது. எனக்குத்தான் அதனால் ஒரு பயனும் இல்லை. சொன்னவர் மீது கோபம் வரவில்லை. அதே சொற்களை முன்பு என் வாயிலிருந்து கேட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சில மாதங்கள் கழித்து, பண்டைய ரோமின் அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோவின் கடிதங்களைப் படித்தேன். கி.மு. 45 பிப்ரவரியில் அவருடைய மகள் துல்லியா, பிள்ளைப்பேற்றுக்குப் பின் இறந்தாள். கிரேக்கத் தத்துவத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான அவர், நண்பர் அட்டிகஸின் வீட்டில் தங்கி, துயரைத் தணிப்பது பற்றி அங்கே இருந்த எல்லாவற்றையும் படித்துவிட்டு, எந்த ஆறுதலையும் வலி வென்றுவிடுகிறது என்று எழுதினார். பிறகு அஸ்தூரா என்ற கடலோர ஊரில் இருந்த தம் வீட்டுக்குப் போய், காலையில் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்தால் மாலைவரை வெளியே வராமல் இருந்தார். கிரேக்கத்திலிருந்து சுல்பிசியஸ் என்ற நண்பர் ஆறுதல் கடிதம் அனுப்பினார்: கப்பலில் வரும்போது மெகாரா, கொரிந்து முதலிய நகரங்கள் பாழடைந்து கிடப்பதைக் கண்டேன், நகரங்களே அழியும்போது ஒரு பெண்ணின் உயிருக்காக இத்தனை கலங்கலாமா என்பது அதன் சாரம். எவ்வளவு அழகான கடிதம், எவ்வளவு தவறான நேரம்!

ஆனால் சிசரோ அதே ஆண்டில் நாள் முழுதும் எழுதினார். எழுதுவதால் துயர் தீரவில்லை, சிறிது நேரம் கவனம் மாறுகிறது என்று அவரே சொல்கிறார். தத்துவம் அவருக்கு மருந்தாக இல்லை, கைக்கு ஒரு வேலையாக இருந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அதைக்கூட அவர் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறர் கொடுத்தபோது அது ஒட்டவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது துணையாக இருக்கும் ஒரு வாக்கியம், அழுதுகொண்டிருப்பவரிடம் சொல்லப்படும்போது அவருடைய அழுகையைத் திருத்த வந்ததாக மாறிவிடுகிறது. அதனால் இப்போது துக்க வீடுகளில் நான் எதையும் மேற்கோள் காட்டுவதில்லை. வருபவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறேன்.

எபிக்டெட்டஸின் பாகுபாட்டை அலுவலகத்திலும் மருத்துவமனை வரிசையிலும் இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவருடைய உபதேசத்தில் என்னால் ஏற்க முடியாத பகுதி ஒன்று உண்டு. ஒரு குடம் உனக்குப் பிடித்திருந்தால், 'இது குடம்' என்று சொல்லிக்கொள், அது உடைந்தால் கலங்கமாட்டாய். பிள்ளையையோ மனைவியையோ முத்தமிடும்போதும் அப்படியே, 'இது ஒரு மனித உயிர்' என்று சொல்லிக்கொள், இறந்தால் கலங்கமாட்டாய் என்கிறார். அம்மாவுக்குத் தண்ணீர் அளந்த செம்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் வேறு யாருக்கும் தண்ணீர் ஊற்ற எனக்கு இன்னும் கை வரவில்லை.