பிலீவர், ஜூன் மாதம்

ஜூன் 3, செவ்வாய்

அக்கா பையன் காலையிலிருந்து ஷ்ரெக் கார்ட்டூன் படம் பார்க்கிறான். படம்கூட இல்லை, கடைசியில் வரும் பாட்டு மட்டும். ‘ஐயாம் எ பிலீவர்’, 2001-இல் ஸ்மாஷ் மவுத் குழு பாடியது. கழுதையும் பங்குக்குப் புகுந்து பாடுகிறது. கதவைச் சாத்தலாமென்றால் என் சக்கர நாற்காலி வண்டி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

ஜூன் 4

தூக்கம் இல்லை. அதே பாட்டுதான் தலைக்குள். சரி என்று அசலைத் தேடிக் கேட்டேன். 1966 நவம்பர், மங்கீஸ். டிவி தொடருக்காக ஆள் எடுத்துச் சேர்த்த நாலு பேர். எழுதியவர் நீல் டயமண்ட், அப்போது அவருக்கு 25 வயது. பாடியவர் மிக்கி டோலென்ஸ். வாத்தியங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ கலைஞர்கள் கைவேலை. அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடம்.

சந்தோஷப் பாட்டாம். முதல் வரிகளைக் கேட்டால் ஒரே புலம்பல். காதல் கதைகளில் வரும், ஊரில் மற்றவர்களுக்கு வரும், எனக்கு வராது. இதற்கு எதற்கு இவ்வளவு துள்ளலான ஆர்கன்?

ஜூன் 6

பிசியோ. வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

ஜூன் 7

இன்று வரிசையாகக் கேட்டேன். ஃபோர் டாப்ஸ் குழு (1967) பாடும்போது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. டயமண்ட் தானே பாடியதும் அதே வருடம்தான். அவர் குரலில் சோகம் முழுசாகப் போகவில்லை, எனக்குப் பிடித்தது. 1995-இல் ஈஎம்எஃப் குழு, ரீவ்ஸ் - மார்ட்டிமர் என்ற நகைச்சுவை ஜோடியோடு சேர்ந்து பாடி, பிரிட்டனில் மூன்றாம் இடம் பிடித்தது. கூத்து.

அப்புறம் ராபர்ட் வயட். பாதியில் நிறுத்திவிட்டேன். நாளைக்கு.

ஜூன் 8, ஞாயிறு

வயட் டிரம்மர். சாஃப்ட் மெஷின் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1973 ஜூன் 1, லண்டனில் ஒரு விருந்தில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே போய்விட்டது. டிரம்ஸுக்குக் கால் வேண்டும். அதனால் கீபோர்டும் குரலும். அடுத்த வருடமே இந்தப் பாட்டை எடுத்துப் பாடுகிறார்! டிரம்ஸ் வாசித்தது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் நிக் மேசன். பிரிட்டனில் 29-ஆம் இடம்.

அவர் குரலில் குதூகலம் இல்லை, கிண்டலும் இல்லை. அந்தப் புலம்பல் வரிகளைப் புலம்பலாகவே பாடுகிறார். அதனால்தான் பல்லவி வரும்போது நம்ப முடிகிறது.

டாப் ஆஃப் த பாப்ஸ் என்ற பிரிட்டன் டிவி பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சி, சக்கர நாற்காலி சரிப்படாது, சாதாரண நாற்காலியில் உட்காருங்கள் என்றாராம் தயாரிப்பாளர். வயட் சண்டை போட்டார். சக்கர நாற்காலியிலேயே பாடினார்.

அந்தத் தயாரிப்பாளர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். அதுதான் எரிச்சல். நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார்.

ஜூன் 10

சித்தப்பா வந்திருந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். தங்கச்சி கல்யாணப் பேச்சு. எழுந்து போகும்போது மெதுவாக, “ஏங் கண்ணு, மேடையில போட்டோ எடுக்கறப்ப மட்டும் சாதா சேர்ல உக்காந்துக்கலாமா? மாப்ள வீட்டுக்காரங்க இருப்பாங்க பாரு.”

பார்க்கலாம் சித்தப்பா என்றேன்.

ஜூன் 11

பார்க்கலாம் என்ன பார்க்கலாம்.

ஜூன் 12

நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற இசைப் பத்திரிகையின் அட்டைப்படம் ஒன்று உண்டு. வயட்டின் குழு மொத்தமும் சக்கர நாற்காலியில். மேசன் வரவில்லை, அவருக்குப் பதில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நள்ளிரவில் தனியாகச் சிரித்தேன். அம்மா பயந்து எழுந்து வந்துவிட்டாள்.

சித்தப்பாவுக்கு ஒரு வண்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொன்று. வாடகைக்குக் கிடைக்காதா என்ன.

ஜூன் 13

மங்கீஸில் டோலென்ஸ் மட்டும்தான் மிச்சம். ஜோன்ஸ் 2012, டார்க் 2019, நெஸ்மித் 2021. ஸ்மாஷ் மவுத்தின் ஸ்டீவ் ஹார்வெல் 2023-இல் போய்விட்டார், 56 வயது. டயமண்டுக்குப் பார்க்கின்சன்ஸ், 2018-இல் சுற்றுப்பயணங்களை நிறுத்தினார். இதையெல்லாம் எதற்குத் தேடுகிறேன்.

அக்கா பையன் இன்று மடியில் ஏறிக்கொண்டு வண்டியை ஓட்டச் சொன்னான். பாட்டு போட்டுக்கொண்டு ஹாலைச் சுற்றினோம். கழுதை பாடும் இடம் வந்ததும் ரிவர்ஸ். அம்மா திட்டிக்கொண்டே நாற்காலிகளை நகர்த்தினாள்.

ஜூன் 14

மண்டபத்துக்கு போன் போட்டேன். மேடைக்குப் படிதானாம். பலகை போட்டுச் சாய்வு பண்ணித் தர முடியுமா என்று கேட்டதற்கு, ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மேனேஜர். சித்தப்பாவிடம் நானே பேசுகிறேன் என்று தங்கச்சி சொல்கிறாள். வேண்டாம், நான்தான் பேச வேண்டும்.