முருகனுக்கு அப்பா வைத்த பாக்கி

அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகும்வரை மலைக் கோயில் பக்கம் போகக் கூடாது என்று பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் வருஷத் திதி முடிந்த அடுத்த வாரம்தான் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குக் கிளம்பினோம். அம்மா, தங்கை, நான், என் மனைவி, ஒன்பது வயது மகள்.

அப்பா பஸ் கண்டக்டர். பாதி நாள் பழனி ரூட்தான். ஒட்டன்சத்திரம் தாண்டினால் பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்பா மட்டும் சத்தமாக, "முருகா, எல்லாருக்கும் சில்லறையா குடு" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

குடும்பத்தோடு போகும்போதும் அதே கூத்துதான். படியேறலாம் என்று அம்மா கூப்பிட்டால், "படியில் பயணம் நொடியில் மரணம்னு முப்பது வருஷமா பஸ்ல எழுதிவெச்சிருந்தோம், நானே ஏறலாமா?" என்று நேராக விஞ்ச் வரிசையில் போய் நிற்பார். 1966-இல் ஓட ஆரம்பித்த விஞ்ச் அது. "எனக்கு முன்னாடியே சர்வீஸ்ல சேர்ந்தவர், மரியாதை கொடுக்கணும்" என்று பேத்தியைக் கும்பிடச் சொல்வார். அவளும் கும்பிடுவாள்.

அவர் போன பிறகு பழைய தோல் பையை எடுத்துப் பார்த்தோம். அடியில் கொஞ்சம் நாணயங்கள், மெஷின் வருவதற்கு முந்தைய டிக்கெட் கட்டு ஒன்று. அதில் ஒரு டிக்கெட்டின் பின்பக்கம், பயணிகளுக்கு மீதிச் சில்லறை எழுதித் தருவாரே, அதே கிறுக்கல் எழுத்தில்: "முருகன் பாக்கி - மொட்டை 1, படி 693."

அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. என் மகள் குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்தபோது வேண்டிக்கொண்டது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால், "எழுதிக் குடுத்தாச்சு, இறங்கும்போது வாங்கிக்குவாரு" என்பாராம்.

சரி, அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

முதலில் அடிவாரத்தில் திருஆவினன்குடி. அப்புறம் மொட்டை. இப்போது அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனாலும் ஒரு சீட்டு தருகிறார்கள். "சீட்டு இல்லாம உங்கப்பா உக்கார மாட்டாரு" என்றாள் அம்மா. சந்தனம் பூசியதும் மகள் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு முன்னாடியே வழுக்கைதானே, எதை எடுத்திருப்பாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நாவிதர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கைப்பேசிகளை அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டோம், மேலே அனுமதி இல்லை. முழங்கால் வலி அம்மாவை விடவில்லை. அவளைத் தங்கையோடும் மனைவியோடும் ரோப் காருக்கு அனுப்பிவிட்டு நானும் மகளும் படியேறினோம்.

நடுவில் இடும்பன் சன்னதி. சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன், இங்கே இறக்கி வைத்த பிறகு தூக்க முடியாமல் தவித்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் அது வேறு கதை. "லக்கேஜ் டிக்கெட் எடுக்காம ரெண்டு மலையோட வந்தா விடுவாங்களா? செக்கிங் இன்ஸ்பெக்டர் கோவணத்தோட நின்னுருக்காரு, இறக்கிவிட்டுட்டாரு." மகள் அதை ஒரு வரி விடாமல் சொன்னாள். பக்கத்தில் காவடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயரட்சை. ராஜ அலங்காரம். கிரீடமும் வேலுமாக நின்றவரை ஒரு மூச்சு நேரம் பார்த்திருப்பேன், அதற்குள் "நகருங்க, நகருங்க" என்று குரல் வந்தது. எப்போதும் இந்த இடத்தில் பின்னால் இருந்து அப்பா, "போலாம், ரைட்" என்பார். சன்னதியில் என்ன விளையாட்டு என்று அம்மா முறைப்பாள். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் நகரவும் இல்லை. தள்ளித்தான் விட்டார்கள்.

வெளியே வந்ததும் தோல் பையில் இருந்த நாணயங்களை அம்மா ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டாள். பின்னால் நின்றவர் பொறுமை இழந்து, "மொத்தமா கொட்டுங்கம்மா" என்றார். "எண்ணித்தான் குடுக்கணும் தம்பி" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

"படி எண்ணுனீங்களா?" என்று கேட்டாள் பிறகு. எனக்கு 670-க்கு மேல் குழம்பிவிட்டது. மகள் 711 என்றாள்.

"அவர் எழுதுனதுதான் கணக்கு."

டிக்கெட்டை என்னிடம் இருந்து வாங்கி, என் தலைச் சந்தனத்தை விரலில் தொட்டு அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். உண்டியலில் போட்டுவிடலாமா என்றேன்.

"சும்மா இருடா" என்று சொல்லி, மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.